நூற்றில் இரண்டு பங்கு

ஆய்வகத்தில் அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். பத்தொன்பது வருஷ வேலையில் அவள் ஒருநாள்கூட நாற்காலியில் சாய்ந்து தூங்கியதில்லை. ஆனால் ஊசியால் ஒரு சொட்டை ஏற்றிவிட்டால் கருவி தன் வேலையை முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணியும் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருப்பாள். பெயர் வைக்க இது போதாதா? நாலு பேர் சேர்ந்து வேலை செய்கிற இடத்தில் இதைவிடச் சின்னக் காரணத்துக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆலிவ் எண்ணெய் என்று சொல்லி வருகிற புட்டிக்குள் இருப்பது ஆலிவ்தானா, சொன்ன மலையில் விளைந்ததுதானா என்று பார்ப்பது அவள் வேலை. புட்டியில் பேரும் இருக்காது, ஊரும் இருக்காது. ஓர் எண் மட்டும் இருக்கும். கருவிக்குக் கொடுத்ததும் திரையில் ஒரு கோடு ஓடத் தொடங்கும். சும்மா படுத்துக் கிடக்கும் கோடு எழுந்து ஓர் உச்சிக்குப் போய் இறங்கும். எந்த உச்சி எந்த நிமிஷத்தில் வருகிறது, எவ்வளவு உயரம் என்பதுதான் சங்கதி. ஆலிவுக்கு ஒரு மலைத்தொடர், சூரியகாந்திக்கு வேறொன்று.

வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து அந்த மலைகளுக்குள் நடக்கப் பழகியிருந்தாள். வெள்ளை வெளேரென்ற அறையில் கருவியின் ரீங்காரம் மட்டும் கேட்கும். அவள் காலடியில் சரளைக்கல் நொறுங்கும். காற்றடித்து இலைகள் புரண்டு அடிப்பக்கத்து வெள்ளியைக் காட்டும். அரைத்த பழத்தின் பச்சை வாசனை மூக்கில் ஏறும். ஓர் உச்சியில் ஏறி மறுபக்கம் இறங்கினால் அங்கே பெரும்பாலும் தங்கையின் தோட்டம் இருக்கும், தங்கை உதிரும் பழத்தைப் பிடிக்க மரத்தடியில் வலையை விரித்துக்கொண்டிருப்பாள். நிஜத்தில் அந்தத் தோட்டத்துக்கு அவள் போனது இரண்டே தடவை. கனவில் போனதற்குக் கணக்கில்லை.

தங்கையும் அவள் புருஷனும் எட்டு வருஷத்துக்கு முன்னால் வைத்த மரங்கள் அவை. இந்த வருஷம்தான் முதல் முழு விளைச்சல். தோட்டத்திலேயே இருக்கும் சின்ன ஆலையில் எண்ணெயைச் சேர்த்துவைக்கப் புதிதாக ஓர் எஃகுத் தொட்டிகூட வாங்கினார்கள். ஆயிரம் லிட்டர் பிடிக்கும்.

ஒருநாள் ஒரு புட்டி வந்தது. முகர்ந்து பார்த்தாள். அப்போதுதான் வெட்டிய புல்லின் வாசனை. யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக வளர்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கருவியில் ஏற்றிவிட்டு நடக்கப் போனாள். இருக்கக் கூடாத இடத்தில் ஒரு சின்ன மேடு தட்டியது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது. அந்த மேடு சூரியகாந்திக்கே உரியது. ஊசியைக் கழுவி மறுபடி ஓட்டினாள், மூன்றாவது தடவையும் ஓட்டினாள். மேடு நின்ற இடத்திலேயே நின்றது. சூரியகாந்தி நூற்றில் இரண்டு பங்கு, தூயதல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். திருடனைப் பிடித்த சந்தோஷம் கொஞ்சம் இருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அடுத்த வாரம் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, எங்க எண்ணெயில கலப்படமாம். கடுதாசி வந்திருக்கு. இவரு காலையிலேர்ந்து தொட்டிகிட்டயே நிக்கறாரு."

"எதைக் கலந்ததா சொல்றாங்க?"

"சூரியகாந்தியாம். நூத்துக்கு ரெண்டு பங்கு."

தான் கையெழுத்துப் போட்ட தாள் அவளுக்கு நினைவு வந்தது. "அந்த எண்ணெய் உங்க ஆலைப் பக்கமே வராதேடி."

"வந்துச்சே. தொட்டியில வாடை அடிக்குதுன்னு சொன்னப்ப, எண்ணெய் விட்டு அலசுங்கன்னு நீதானே சொன்ன? எங்க எண்ணெய் அப்ப ஏது? கடையில மலிவா இருந்ததை வாங்கி ஊத்தினோம். அப்புறம் குழாயைத் திறந்து மொத்தத்தையும் வடிச்சிட்டோம்."

அவள் சொன்னது உண்மைதான். கருவியில் ஏற்றுமுன் ஊசியை எண்ணெயால் ஆறு தடவை அலசுவது அவள் வழக்கம். எதைச் சோதிக்கிறோமோ அதே எண்ணெயால். பத்தொன்பது வருஷமாகக் கை தானாகச் செய்வதால் 'அதே' என்ற சொல்லை வாய் மறந்துவிட்டது. தங்கை வீட்டுத் தொட்டியில் குழாய் இருப்பது அடியில் அல்ல, நாலு விரல் மேலே, கசடு அடியில் தங்கட்டும் என்று. குழாயில் ஒழுகுவது நின்றதும் தொட்டி காலி என்று நினைத்துவிட்டார்கள்.

வேண்டுமென்றே கலந்தால் மூன்று வருஷத்துக்குத் தூய எண்ணெய் என்ற முத்திரை கிடைக்காது. தெரியாமல் நடந்தது என்று சாட்சியோடு காட்டினால் இந்த வருஷ எண்ணெய் மட்டும் சோப்புக்குப் போகும். சாட்சி அவள்தான். ஆனால் ஆய்வகத்தில் இருப்பவர்கள் எண்ணெய் எடுப்பவர்களுக்கு யோசனை சொல்லக் கூடாது என்பது விதி. கூடப்பிறந்தவள் என்றெல்லாம் விதிக்குத் தெரியாது.

மறுநாளே சொல்லிவிடுவது என்று படுத்தாள். சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. பயம், வேறென்ன? மலைகளில் நடப்பதும் நின்றுபோனது. கோடு வெறும் கோடாக ஓடியது. தங்கை புருஷன் எழுதும் விளக்கத்தில் தன் பேர் இருக்கும், விஷயம் தானாக உடையட்டும் என்று காத்திருந்தாள்.

பத்தாம் நாள் விளக்கம் வந்தது. தலைமை ஆய்வாளர் அதைக் கோப்போடு அவள் மேஜையில் போட்டார்.

"படிச்சுப் பாரு. காது குத்தறான்."

அவள் படித்தாள். புதுத் தொட்டியில் வாடை அடித்தது. நானே யோசித்துக் கடை எண்ணெய் விட்டு அலசினேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இதற்கு முழுப் பொறுப்பு நான்தான்.

பொய்யைக் கண்டுபிடித்தே பிழைக்கிறவள் அவள். அந்தத் தாளில் பொய் எந்த வரியில் இருக்கிறது என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த வரியிலேயே கண் நின்றது. எழுத்து கலங்கத் தொடங்கியது.

"சாட்சி இல்லை. மூணு வருஷம்னு எழுதிடலாமா?" என்றார் அவர்.

"சாட்சி இருக்கு சார்."

"யாரு?"

"நான்தான். அது என் தங்கச்சி வீடு. அலசச் சொன்னது நான். அதே எண்ணெயாலன்னு சொல்லாம விட்டதும் நான்தான். யாரையாவது அனுப்பி அந்தத் தொட்டியில குழாய்க்குக் கீழ எவ்வளவு நிக்குதுன்னு அளக்கச் சொல்லுங்க. இருபது லிட்டர் இருக்கும். ஆயிரத்துக்கு இருபது, நூத்துக்கு ரெண்டு. ரெண்டு பங்கு கலந்து எவனாவது மாளிகை கட்ட முடியுமா சார்?"

அவர் கோப்பை மூடினார். "இதை எழுதிக் கொடுத்தா விசாரணை முடியறவரைக்கும் நீ இந்த அறைக்குள்ள வரமுடியாது. அப்புறமும் வருவியான்னு என்னால சொல்ல முடியாது."

"தெரியும் சார்."

எழுதிக் கொடுத்தாள். மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தாள். பட்டப்பகல். அந்த நேரத்தில் தெரு எப்படி இருக்கும் என்றே அவளுக்கு மறந்துபோயிருந்தது. வெயிலில் எல்லாம் மெதுவாக நடப்பது போலிருந்தது. பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து தோட்டத்துக்குப் போன் போட்டாள். தங்கை புருஷன் எடுத்தார். அதிகம் பேசாதவர். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"எதுக்குக்கா சொன்னீங்க?"

"நீங்க எதுக்கு மாப்பிள்ளை மறைச்சீங்க?"

மறுமுனையில் இலைகள் சலசலத்தன.

"எங்க அக்கா நல்ல எண்ணெய்னு சொன்னாத்தான் அது நல்ல எண்ணெய்னு, உங்க தங்கச்சி இங்க பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டிருப்பா. அவளுக்கு இருக்கிற பெருமையே அது ஒண்ணுதான். உங்க பேரை எழுதி அதை நான் எப்படிக்கா கெடுக்கறது?"

பேருந்து வந்தது. அவள் ஏறவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமலே உட்கார்ந்து அழுதாள். அவரும் வைக்கவில்லை.