பினாயிலில் கழுவிய பாட்டில்

எண்பதுகளின் நடுவில் மலேசியாவின் கோலசிலாங்கூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் எனக்கு மலப் பரிசோதனை வேலை. "ஆஸ்பத்திரியில் வேலை" என்று மட்டும் வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். பெண் பார்க்க வந்தவர்களும் அதற்கு மேல் கேட்டதில்லை.

தோட்டங்களிலிருந்து வரும் பாட்டில்களை மூன்று வகையாகப் பிரித்திருந்தேன்: போதாதவை, பொங்கி வழிபவை, யாருடையது என்று எழுதாதவை. ஒரு திங்கட்கிழமை நான்காவது வகை வந்தது. பளபளவென்று கழுவி, மூடிக்கு மேல் பூப்போட்ட துணி கட்டிய பாட்டில். நான்கு வயதுச் சிறுமிக்கு ஐந்து நாளாக இரத்தபேதி. தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரெஸ்ஸர் ஆம்பிசிலின் கொடுத்துவந்தார். காய்ச்சல், இருமல், சீழ்ப்புண், பேதி எதுவானாலும் அவரிடம் அதுதான். நோய்களிடம் அவர் பாரபட்சம் பார்ப்பதில்லை.

மறுநாள், கிருமி வளர்க்கும் தட்டில் ஒரு கிருமியும் வளரவில்லை. டிரெஸ்ஸரிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"பாத்தியாம்மா, எல்லாம் செத்துருச்சு. நம்ம மருந்து அப்படி லா."

"பேதி நின்னுருச்சா சார்?"

"அது போய்க்கிட்டுத்தான் இருக்கு."

செத்த கிருமிக்கு அவ்வளவு கடமையுணர்ச்சி. அதற்குப் பிறகுதான், அதாவது சொல்லி முடித்த பிறகுதான், படித்தவளான நான் பாட்டிலை முகர்ந்து பார்த்தேன். பினாயில்.

மதியப் பேருந்தில் புதுப் பாட்டிலோடு தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் போய்ச் சிறுமியின் தாயைப் பார்த்தேன்.

"அக்கா, பாட்டில்ல பினாயில் ஊத்துனீங்களா?"

"பின்ன? கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குப் போற சாமான், அழுக்காவா அனுப்புறது மிஸ்ஸி? மூணு தடவ கழுவுனேன். நாத்தம் தெரியக்கூடாதுன்னு உள்ளயும் ரெண்டு சொட்டு விட்டேன்."

சிறுமி பாயில் கிடந்தாள். கண்கள் உள்ளே போயிருந்தன. அழுதாள், கண்ணீர் வரவில்லை.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கக்கா."

"டிரெஸ்ஸர் துண்டுச் சீட்டு எழுதுனாத்தான் தோட்டத்து லோரி வரும்."

டிரெஸ்ஸரிடம் போனேன். "கிருமி இல்லன்னு காலைல நீதானம்மா சொன்ன? கிருமி இல்லாத பிள்ளைக்கு எதுக்கு லோரி?" என்றார். என் வாயால் வந்த முடிவே அவளைப் பாயில் கிடத்தியிருந்தது. அந்த முடிவு செல்லாது என்று கைப்பட எழுதிக் கொடுத்தேன். புது முடிவு வரட்டும் என்று அதை மடித்து மேசைக்குள் வைத்துக்கொண்டார். உப்பும் சீனியும் கலந்த நீரை விடாமல் கொடுக்கும்படி தாயிடம் சொல்லி, புது மாதிரியை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

புதன்கிழமை கிருமி வளர்ந்தது. அதை வேறொரு தட்டில் பரப்பி, மருந்து தோய்த்த காகித வில்லைகளை மேலே வைத்தேன். மருந்து பலித்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி இல்லாமல் வட்டம் விழும். வியாழன் காலையில் பார்த்தால், நாலிடிக்ஸிக் அமிலம் என்ற வேறொரு மருந்தைச் சுற்றி நல்ல வட்டம். ஆம்பிசிலினைச் சுற்றி வட்டமே இல்லை.

"சார், உங்க மருந்த ஒட்டியே கிருமி வளந்திருக்கு."

"ஒட்டின்னா?"

"தலைக்கு வச்சுப் படுத்திருக்கு சார்."

"அப்ப டோஸ கூட்டிப் பாப்போமா?"

"கூட்டலாம் சார். இன்னும் நல்லாத் தூங்கும். துண்ட எழுதுறீங்களா, நான் பெரிய டாக்டர்கிட்ட பேசட்டுமா?"

அன்று மதியமே லோரி வந்தது. மருந்து மாறியது.

ஞாயிற்றுக்கிழமை வார்டுக்குப் போனேன். தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டிரெஸ்ஸருக்கு ரொம்பக் கைராசி மிஸ்ஸி. துண்டு எழுதுன மறுநாளே பேதி கொறஞ்சிருச்சு!"

சிறுமி கட்டில் கம்பியைப் பிடித்துத் தன் காலில் நின்றுகொண்டு, பக்கத்துக் கட்டில் பிள்ளையின் பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.