வெற்றிலை எடுத்தவர்

குழந்தைவேலுக்குக் காது ஒரே நாளில் போகவில்லை. இருபத்தெட்டாவது வயதில் வந்த விஷக்காய்ச்சல் பாதியைக் கொண்டுபோயிற்று. மீதி அதன் பிறகு வந்த வருஷங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. பரமத்தி வேலூருக்குக் கிழக்கே, வாய்க்காலின் கடைமடையில் அவருக்கு ஒரு சின்னக் கொடிக்கால் இருந்தது. அகத்தி நட்டு, வெற்றிலைக் கொடியை அதில் ஏற்றிக் கட்டி, விடியலில் இலை கிள்ளி, வெயில் ஏறுவதற்குள் கட்டுக் கட்டிச் சந்தைக்கு அனுப்பிவிடுவார். அந்த வேலைக்குக் காது வேண்டியதில்லை.

மனிதர்களிடம்தான் தொல்லை. ஓர் ஆள் எதிரே நின்று, முகம் தெரிய, நிதானமாகப் பேசினால் முக்கால்வாசி பிடிபட்டுவிடும். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் பாதி போகும். நாலு பேர் கூடிவிட்டால் அவ்வளவுதான். கல்யாண வீட்டில் மற்றவர்கள் சிரிக்கும்போது அவரும் சிரித்துவைப்பார், தலையாட்டும்போது ஆட்டிவைப்பார். வேறு என்ன செய்வது? என்னங்க என்று கேட்டால் முதல் தடவை சொல்வார்கள், இரண்டாம் தடவை கத்துவார்கள், மூன்றாம் தடவை, "ஒண்ணுமில்லப்பா, உடு" என்பார்கள். அந்த 'உடு' வலித்த காலம் ஒன்று உண்டு. பிறகு அதுவும் மரத்துப்போயிற்று.

மேட்டூரில் அணை கட்டி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அணை வந்துவிட்டால் கோடையே தெரியாது என்று பேசியவர்கள் எல்லாம், பங்குனி பிறந்ததும் பழையபடி வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். தண்ணீர் இறங்கிவிட்டால் முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். யாருக்கு எப்போது முறை என்று பேசி முடிக்க, மாசியிலேயே மதகடியில் வாய்க்கால் கூட்டம் கூடும்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. எல்லோரும் கரைமேல் ஒரே வரிசையாக, தண்ணீரைப் பார்த்தபடி உட்கார வேண்டும். தண்ணீர்தான் சாட்சி, அதற்கு முதுகு காட்டக்கூடாது. பேசி முடித்ததும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு சுற்றி வரும். ஏற்பாடு சம்மதமானால் வெற்றிலையை எடுத்துக்கொள்ளலாம். சம்மதமில்லாதவர் எடுக்காமல் அடுத்தவரிடம் தள்ளிவிட வேண்டும். மறுபடி பேச்சு தொடங்கும். எடுத்துவிட்டால் எடுத்ததுதான், அப்புறம் மூச்சு விடக்கூடாது.

நல்ல வழக்கம்தான், காது கேட்கிறவர்களுக்கு. குழந்தைவேலின் காதுக்கு மதகில் விழும் தண்ணீரின் இரைச்சல் மட்டும் எட்டும். வரிசையில் உட்கார்ந்தால் யார் முகமும் தெரியாது. யார் பேசுகிறார் என்று அவர் தலையைத் திருப்பிக் கண்டுபிடிப்பதற்குள் வேறொருவர் பேசிக்கொண்டிருப்பார். அதனால் அவர் ஒரு வழி வைத்திருந்தார். பக்கத்துக் கொடிக்கால்காரர் சின்னராஜ் வெற்றிலை எடுத்தால் அவரும் எடுப்பார். மறுநாள் சின்னராஜைத் தனியாகப் பிடித்து, என்ன முடிவாயிற்று என்று கேட்டுக்கொள்வார். இத்தனை காலமும் அதில் ஒன்றும் மோசம் போகவில்லை.

அந்த வருஷம் வாய்க்கால் தலைவர் அருணகிரி ஒரு புது யோசனை சொன்னார். கடைமடைக்குப் போகிற தண்ணீர் வழியிலேயே பாதி ஊறிப்போகிறது; இந்த ஒரு கோடைக்குக் குழந்தைவேல் தன் முறையை விட்டுக்கொடுத்தால் மேலே உள்ள கொடிக்கால்கள் பிழைக்கும்; அவன் மனசு வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். தாம்பாளம் வந்தது. சின்னராஜ் எடுத்தார். குழந்தைவேலும் எடுத்தார்.

எழுந்து போகும்போது ஒவ்வொருவராக வந்து அவர் தோளைத் தட்டினார்கள். பெரியசாமி என்ற பெரியவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இது எதற்கு என்று குழந்தைவேலுக்கு விளங்கவில்லை. சிரித்துவைத்தார். மறுநாள் கேட்டதற்குச் சின்னராஜ், "நெம்பப் பெரிய மனசு உனக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்கும் சிரித்துவைத்தார்.

முறை நாளன்று மண்வெட்டியோடு மடையில் போய் உட்கார்ந்தார். பொழுது சாயும்வரை தண்ணீர் வரவில்லை. அவர் மனைவி பழனியம்மாள் விசாரித்துவிட்டு வந்து, அவர் முகத்துக்கு நேரே நின்று சொன்னாள்.

"நம்ம முறையக் குடுத்துப்போட்டு வந்திருக்கறீங்களாம். வெத்தல எடுத்தீங்களாமா?"

கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. ஓகோ, அதற்குத்தான் தோளைத் தட்டினார்களா என்று மட்டும் தோன்றியது. சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டார்.

பழனியம்மாளால் அப்படி இருக்க முடியவில்லை. நேரே அருணகிரி வீட்டுக்குப் போனாள்.

"ஏனுங்க மாமா, என்ற ஊட்டுக்காரருக்குக் காது கேக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும் அம்மணி. ஆனா வெத்தல எடுத்தானே. நாங்க என்ன கட்டாயப்படுத்துனமா?"

"பக்கத்தாளு எடுத்தா இவரும் எடுப்பாருங்க. என்ன பேசுனீங்கன்னு அவருக்கென்ன தெரியும்? இத்தன வருசமா அப்பிடித்தானுங்க."

அருணகிரி கெட்டவர் அல்ல. அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "இத்தன வருசமாவா?" என்றார்.

இன்னொரு கூட்டம் போடுவதாக ஒப்புக்கொண்டார். பழனியம்மாள் அதோடு விடவில்லை. வரிசையில் வேண்டாம், வட்டமாக உட்காருங்கள் என்றாள். பேசுகிறவர் எழுந்து நின்று அவரைப் பார்த்துப் பேச வேண்டும். ஒருவர் பேசும்போது இன்னொருவர் வாய் திறக்கக்கூடாது. ஒவ்வொருவர் பேச்சையும் அவர் தம் வாயால் திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்த ஆள். தாம்பாளம் கடைசியாகத்தான் அவரிடம் போக வேண்டும்.

"வட்டமா உக்காந்தா தண்ணிக்கு முதுகு காட்டோணுமே அம்மணி?"

"அப்பத் தண்ணி இல்லாத எடத்துல வெய்யுங்க. எங்க மடையிலகூட வெய்க்கலாம். அங்க ஒரு சொட்டு இல்லீங்க."

கூட்டம் அருணகிரியின் களத்தில் நடந்தது. குழந்தைவேலின் கொடிகள் அதற்குள் மஞ்சளித்திருந்தன. வேர் இன்னும் சாகவில்லை. அந்த வாரத்தில் ஒரு தண்ணீர் கிடைத்தால் பிழைத்துக்கொள்ளும். வட்டத்தில் உட்கார்ந்ததும் அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பெரியசாமிக்கு முன்பல் விழுந்திருந்தது. எப்போது விழுந்ததோ. இத்தனை முகங்களைக் கூட்டத்தில் சேர்ந்தாற்போல் அவர் பார்த்ததே இல்லை.

அருணகிரி எழுந்து, அவருக்கு எதிரே வந்து நின்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "உன்ற முறையத் திருப்பிக் குடுக்கலாமான்னு கேக்கறோம். எல்லாரும் வெத்தல எடுத்தாத் தண்ணி உண்டு. புரிஞ்சுதாப்பா?"

"புரிஞ்சுதுங்க. எல்லாரும் எடுத்தாத் தண்ணி உண்டுங்கறீங்க."

தாம்பாளம் முதலில் சின்னராஜிடம் போயிற்று. அவர் எழுந்தார். தாம்பாளத்தைத் தொடவில்லை. "உன்ற தண்ணிய நம்பிப் புதுசா வாழை வெச்சுட்டேன். இப்ப நிறுத்துனா அத்தனையும் போயிரும். என்னால முடியாதப்பா." அவருடைய உதடுகள் ஒவ்வொரு எழுத்துக்கும் நன்றாகத் திறந்து மூடின.

"வாழை வெச்சுட்டாருங்க. அதனால தண்ணி குடுக்க முடியாதுங்கறாரு," என்றார் குழந்தைவேல்.

பெரியசாமி எழுந்தார். "எடுத்த வெத்தலையத் திருப்பிக் குடுக்க உட்டா, நாளைக்கு ஆளாளுக்கு எனக்குக் காது கேக்கலீன்னு வந்து நிப்பாங்க. மனசு கேக்கலதான். ஆனா கூடாது." பல் இல்லாததால் கொஞ்சம் குழறியது. குழந்தைவேல் விளங்கவில்லை என்றார். பெரியவர் மறுபடி, இன்னும் மெதுவாக, முதலிலிருந்து சொன்னார். யாரும் கத்தவில்லை. யாரும் 'உடு' என்று சொல்லவில்லை.

"கூடாதுங்கறாருங்க," என்றார் குழந்தைவேல்.

ஒருவர் பாக்கியில்லை. எழுந்து, முன்னால் வந்து, அவர் கண்ணைப் பார்த்து, மரியாதையாகச் சொன்னார்கள். அவரும் ஒவ்வொன்றையும் வாங்கித் தம் வாயால் திருப்பிச் சொன்னார். தாம்பாளம் கடைசியாக அவரிடம் வந்தபோது வெற்றிலை வைத்தது வைத்தபடி இருந்தது. நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று தேடிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

பழனியம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். "என்ன சொன்னாங்க?"

அவர் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். யார் முதலில் எழுந்தார், யாருக்கு என்ன கஷ்டம், யாருடைய கொடி எந்த நிலையில் இருக்கிறது, யார் சொல்லும்போது கண் கலங்கியது, எல்லாவற்றையும் வரிசையாக, ஒரு சொல் சிந்தாமல் சொன்னார். கூட்டத்திலிருந்து வந்து அவர் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அத்தனையும் உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?"

"அத்தனையும் கேட்டுது பழனி," என்றார். "எனக்குப் புரியோணும்னு நெம்பப் பொறுமையாச் சொன்னாங்க."