பம்ப் பொருத்திய ஆடு

பாரிசை அடுத்த சென் தெனியில் இருந்த எங்கள் ஆய்வுகூடத்தில் நான் என்ன செய்தேன் என்பதை வீட்டில் யாருக்கும் ஒழுங்காக விளங்கப்படுத்த முடிந்ததில்லை. யாழ்ப்பாணத்தில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு முனைவர் பட்டத்துக்காகப் பாரிசுக்கு வந்தவள் நான். பலவீனமான இதயத்துக்குள் வைக்கும் பெருவிரல் அளவு பம்ப் ஒன்றை எங்கள் குழு உருவாக்கிக்கொண்டிருந்தது. மனிதருக்கு வைக்க முன் அதைச் செம்மறி ஆட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். அளவில் அதன் இதயம் எங்களுடையதைப் போன்றது.

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நான் அறை எடுத்திருந்த வீட்டு அக்கா பலசரக்குக் கடையில் வேலை செய்பவர். இதைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஆட்டுக்கு வைத்தியம் பாக்கவோ பிள்ளை நீ பிளேன் ஏறி வந்தனீ?”

“ஓம் அக்கா. ஆடு பிழைச்சால்தான் மனுசருக்கு.”

பம்ப் பொருத்திய ஆட்டின் விலாவிலிருந்து ஒரு கம்பி வெளியே வந்து, பம்பை இயக்கும் பெட்டி ஒன்றில் முடியும். கம்பி முறுகக்கூடாது என்பதற்காகக் கூண்டு ஒடுக்கமாக இருந்தது. ஆடு எழும்பலாம், படுக்கலாம், திரும்ப முடியாது. கம்பி வெளிவரும் இடத்தில் கிருமி தொற்றிவிடும் என்ற பயத்தில் அதை மற்ற ஆடுகளிலிருந்து பிரித்துத் தனி அறையில் வைத்திருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் மற்றவை கத்துவது கேட்கும். இது காதை நிமிர்த்திக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

நானும் அப்போது அசைய முடியாமல்தான் இருந்தேன். வதிவிட அட்டை முடிந்து, புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். கையில் இருந்தது ஒரு தற்காலிகத் தாள். அதோடு நாட்டைவிட்டுப் போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று அட்டை வழங்கும் அலுவலகமான பிரெஃபெக்சூரில் எவரும் உறுதியாகச் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து ஊரில் தங்கைக்குக் கலியாணம் வந்தது. “நீ வராமல் எப்பிடி?” என்று கேட்ட அம்மா, இரண்டாம் முறை கேட்கவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

கலியாணத்தன்று ஆட்டைப் பார்க்கும் முறை எனக்கு. கூண்டுக்குப் பக்கத்தில் கதிரை போட்டுக் கலியாணத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மேளம் உச்சத்துக்குப் போனபோது பெட்டியின் எச்சரிக்கை மணியும் அடித்தது. பம்ப் இதயத்தின் சுவரையே உறிஞ்சத் தொடங்கியிருந்தது. கைப்பேசியை வைக்கோலில் போட்டுவிட்டு பம்பின் வேகத்தைக் குறைத்தேன். திரும்ப எடுத்துப் பார்த்தபோது தங்கையின் கழுத்தில் தாலி இருந்தது. எல்லோரும் தங்கள் மேல் விழுந்த அட்சதையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த மணிதான் எங்கள் தலையிடி. இதயம் வேகமாகத் துடிக்கும்போது இரத்தம் நிரம்ப நேரம் போதாது. பம்ப் வெறுமையை உறிஞ்சும். பம்புக்குள் சுழலும் விசிறியின் இதழ்கள்தான் பிழை என்று என் மேற்பார்வையாளர் முடிவு செய்தார். மாதக்கணக்காக இதழ்களின் வளைவை மாற்றிக்கொண்டிருந்தேன். பிறகு அடுத்தடுத்து ஆடுகளுக்குப் பொருத்தினோம். மணி கொஞ்சம் குறைந்தது என்று எழுதினோம். என் ஆய்வேட்டின் பெரிய அத்தியாயமே அதுதான்.

ஒரு திங்கட்கிழமை மற்ற ஆடுகள் இருந்த பெரிய கொட்டிலின் தரையைப் பழுதுபார்க்கத் தொடங்கினார்கள். வேறு இடம் இல்லாமல் இன்னொரு ஆட்டைக் கொண்டுவந்து எங்கள் அறையில், கூண்டுக்கு அடுத்ததாக, கை எட்டும் தூரத்தில் விட்டார்கள். இரண்டும் கூண்டுக் கம்பிகளுக்கிடையில் மூக்கை உரசிக்கொண்டன. எங்கள் ஆடு படுத்து அசைபோட்டது. அது அப்படி ஆறுதலாக அசைபோட்டு நான் கண்டதில்லை. திரையில் துடிப்பு இறங்கியது. அன்று முழுவதும் மணி அடிக்கவில்லை. தரை காய்ந்ததும் மற்ற ஆட்டைக் கொண்டுபோனார்கள். சாயந்தரமே மணி திரும்ப வந்தது.

விலங்கு மருத்துவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். என் வயதுப் பிரெஞ்சுப் பெண். திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, “நாம் பம்பை அளக்கவில்லை. பயத்தை அளந்துகொண்டிருக்கிறோம்” என்றாள்.

இருவருமாக மேற்பார்வையாளரிடம் போனோம். “செம்மறியின் மனநிலை இயந்திரப் பொறியியல் அல்ல” என்றார் அவர். அவள் வெளியே போனபின் குரலைத் தாழ்த்தி, “உன் ஒப்பந்தம் குளிர்காலத்தோடு முடிகிறது. இதைக் கிளறினால் உன் அத்தியாயம் போய்விடும். ஒப்பந்தம் இல்லாமல் உனக்கு அட்டை தருவார்களா? யோசி” என்றார்.

மிரட்டவில்லை, உண்மையைத்தான் சொன்னார். கார் து நோர் நிலையத்தில் ரயிலால் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது இரண்டு பக்கத்தையும் மாறி மாறி நினைத்தேன். சொன்னால் நாட்டில் இருக்க முடியாது. சொல்லாவிட்டால் பிழையான காரணத்துக்காக மாற்றிய இந்த இதழ்களோடு ஒரு நாள் யாரோ ஒரு நோயாளியின் நெஞ்சுக்குள் பம்ப் போகும். அடுத்த நாள் அவரிடம், “பழைய இதழை வைத்து, துணை ஆட்டோடு திரும்பச் செய்வோம்” என்றேன். கடைசியில் அவர் சம்மதித்துத் தலையாட்டினார்.

பழைய இதழில் ஒரு குறையும் இருக்கவில்லை. நான் மாதக்கணக்காகச் செய்தது எல்லாம் தேவையில்லாத வேலை. அத்தியாயம் போனது. ஆனால் நிர்வாகத்தோடு சண்டை பிடித்து என் ஒப்பந்தத்தைக் கோடைகாலம் வரை நீட்டித்தவரும் அதே மேற்பார்வையாளர்தான். எனக்குக் கிடைத்தது இன்னொரு தற்காலிகத் தாள்.

சோதனையின் கடைசி நாள் ஆட்டை மயக்கி, அது உறங்கிய நிலையிலேயே உயிரை முடித்து, இதயத்தைத் திறந்து பார்ப்பது முறை. நான் அதன் தலைப்பக்கம் நின்றேன். பம்புக்குள் ஒரு இரத்தக்கட்டிகூட இல்லை. எல்லோரும் ஒருவரையொருவர் பாராட்டிக் கைகுலுக்கினார்கள். நானும் குலுக்கினேன். அடுத்த அறையில் துணை ஆடு விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அக்கா சமைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?”

“ஆடு செத்துப்போச்சு அக்கா.”

“ஐயோ. அப்ப உன்ரை சோதனை பிழைச்சுப்போச்சோ?”

“இல்லை. நல்லாச் சரிவந்திட்டுது.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுப்பைக் குறைத்தார். “இரு, தேத்தண்ணி போடுறன்” என்றார். நான் குசினிக் கதிரையில் சப்பாத்தைக் கழற்றாமலே உட்கார்ந்தேன்.