போர்க்கப்பலின் அடித்தொட்டி

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து மேஜைக்குப் போய்விடுகிற ஆள் நான். கடற்படையில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவன். சத்தம் கேட்டால் எந்த போல்ட் லூஸ் என்றுதான் தேடுவேன். நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரியும், இதுவரை கேட்டவர்களில் யார் நம்பினார்கள்? இருந்தாலும் சொல்கிறேன், வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

நான் வேலை பார்த்தது ஒரு ஃபிரிகேட், நடுத்தரப் போர்க்கப்பல். புதிதாக வந்தபோது பேண்டு வாத்தியம், பூமாலை எல்லாம் உண்டு. மலாக்கா நீரிணையில் ரோந்து, கொள்ளையர் தொல்லை உள்ள இடங்களில் சரக்குக் கப்பல்களுக்குத் துணை, வெள்ளம் வந்தால் அரிசி மூட்டை என்று நன்றாகத்தான் உழைத்தது. கடைசி ஆண்டுகளில் எங்கள் உயிரை வாங்கியது. ஒரு பம்பைச் சரிசெய்தால் இன்னொன்று படுத்துக்கொள்ளும், உதிரிப் பாகம் கேட்டால் வராது. பிறகு கரையில் கட்டிப்போட்டு, பீரங்கியைக் கழற்றி, பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். ஓய்வுபெற்று கிள்ளானில் இருக்கிறேன், பார்த்தால் அதே கப்பல் உடைப்பதற்காகப் போர்ட் கிள்ளானில் வந்து நிற்கிறது. உள்ளே வழி தெரிந்த ஆள் வேண்டும் என்று குத்தகைக்காரர் கூப்பிட்டார். என் மனைவியின் தம்பி குமரன் வேலையில்லாமல் பிரிக்ஃபீல்ட்ஸில் சுற்றிக்கொண்டிருந்தான், அவனையும் நானேதான் சேர்த்துவிட்டேன்.

எங்கள் கப்பலில் ஒரு வழக்கம் இருந்தது. கப்பலின் அடிவயிற்றில் உள்ள அடித்தொட்டிக்குள் ஒருவர் இறங்கினால் அதன் வாயில் இன்னொருவர் ஸ்பேனரோடு உட்காருவார். அவர் இரண்டு தட்டு தட்டினால் கீழே இருப்பவர் இரண்டு தட்டு தட்டிப் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் உடனே தூக்கிவிடுவோம். மூடிக் கிடந்த தொட்டியில் காற்று கெட்டுப்போயிருக்கும், மயக்கம் வருவதே தெரியாது.

ஒரு நாள் அந்தத் தொட்டிக்குள் குமரனை இறக்கப் போகிறார்கள் என்றதும் குத்தகைக்காரரின் சூப்பர்வைசரிடம் போனேன்.

"பாஸ், மேல ஒரு ஆளப் போடுங்க. உள்ள காத்து அடிக்கிற ஃபேன மட்டும் நம்ப முடியாது."

"கொஞ்ச நேர வேலதான் லா அங்கிள். ஆளுக்கு எங்க போறது? இது என்ன நேவியா?"

நானே உட்காருகிறேன் என்றேன். கேபிள் வெட்டச் சொல்லி முன்பக்கம் அனுப்பிவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இரும்பில் தட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டு தட்டு, இடைவெளி, மறுபடி இரண்டு. பரவாயில்லையே, ஆள் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் பதில் தட்டு வரவில்லை. மறுபடி தட்டு, இந்த முறை அவசரமாக. நம்பினால் நம்புங்கள், சுவரில் ஊன்றியிருந்த என் கையில் அந்த அதிர்வு ஏறியது. ஓடினேன். தொட்டி வாயில் ஒருவரும் இல்லை. ஃபேன் நின்றுபோயிருந்தது.

கத்தி ஆட்களைக் கூப்பிட்டு, ஃபேனை ஓடவிட்டு, மூச்சுக்கருவியை மாட்டிக்கொண்டு இறங்கினேன். குமரன் மார்பளவு அழுக்குத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தான். சுத்தமாக நினைவில்லை, ஆனால் தலை மட்டும் சாயாமல் நிமிர்ந்திருந்தது. கயிற்றைக் கட்டினேன், மேலே இழுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் கண் விழித்தான். என் மனைவி அழுதுகொண்டிருக்கிறாள், இவன் என்னைப் பார்த்து முதலில் கேட்டது இதுதான்.

"மாமா, அந்த அண்ணே மேல வந்துட்டாரா?"

"எந்த அண்ணேடா?"

"எனக்குப் பின்னால ஒக்காந்து என் தாடையப் புடிச்சிக்கிட்டு இருந்தாரே. நீங்க கட்டறப்பகூட இருந்தாரு மாமா. அவரையும் தூக்குங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

அப்படியே கப்பலுக்கு ஓடினேன். தொட்டித் தண்ணீரை ஒரு தடவை இறைத்துப் பாருங்கள் என்று சூப்பர்வைசரிடம் கெஞ்சினேன்.

"எல்லா ஆளும் வீட்டுக்குப் போயாச்சு அங்கிள், ஒருத்தரும் கொறையல. பேய்க்கதை வேணாம் லா."

"பேய்னு நான் சொன்னேனா? ஆளுன்னு சொல்றான் பாஸ்!"

கேட்கவில்லை. அந்தப் பக்கத்தை வெட்டி லோரியில் ஏற்றிவிட்டார்கள். அந்தத் தொட்டியில் முன்பு யாராவது செத்தார்களா என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? ஒருவரும் சாகவில்லை, பழைய ஆட்கள் எல்லோரையும் விசாரித்துவிட்டேன். மூளைக்குக் காற்றுப் போகாமல் குமரன் உளறுகிறான் என்று டாக்டர் சொன்னார். சரி, எனக்கு என்ன காற்றுக்குக் குறைச்சல்? தட்டு கேட்டது எனக்குத்தானே!

இன்னொன்றை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. கயிற்றைக் கட்டிக் குமரனைத் தூக்கியபோது உடம்பு வந்தது, தலை வரவில்லை. ஏதோ குழாயில் மாட்டிக்கொண்டது என்று நினைத்து, இருந்த எரிச்சலில், "சனியனே, விடு!" என்று முகமூடிக்குள்ளிருந்தே கத்தினேன். உடனே விட்டது. அவனுக்குப் பின்னால் டார்ச் அடித்துக்கூடப் பார்க்காமல் மேலே ஏறி வந்துவிட்டேன்.