குழாயைக் கடைசியில் பார்த்தவர்

அக்கா மகள் ஜெயாவின் அழைப்பு வந்தபோது நான் டிராக்டர் கொட்டகையில் நின்றிருந்தேன். சனிக்கிழமை காலை. கையிலிருந்த போனில் அவள் அப்பாவின் எண்ணைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். "வண்டி எடுக்க மாட்டேங்கு அத்தான், ஒண்ணு வந்து பாக்கணும்" என்று சொல்ல வாயில் வார்த்தை தயாராக இருந்தது. அதற்குள் திரையில் அவள் பெயர் வந்துவிட்டது.

"மாமா, அப்பா போயாச்சு. காலையில சாயா போட்டுக் குடுத்தேன். கொஞ்சம் கழிச்சு வந்து பாத்தா, கசேரயில சாஞ்சு இருந்தபடியே..." வருகிறேன் என்று சொன்னேனா என்பது நினைவில்லை. டிராக்டரின் மட்கார்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்தச் செய்தியை யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. வழக்கமாக நான் எதையும் சொல்லும் ஒரே ஆள் அவர்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

இரணியல் ஞானசிகாமணி என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. அரசுப் பேருந்துப் பணிமனையில் டீசல் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். என் அக்கா கிரேஸின் கணவர். அவருடைய கைராசியைப் பற்றி ஊரே பேசும். நான் சொல்லப்போவது அவர் வேண்டுமென்றே ஒழுங்காகச் செய்யாத ஒரு வேலையைப் பற்றி. நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி ஜெயா கேட்டாள். "ஆபீஸ் லெட்டர் மாதிரி எழுதிராதீங்க மாமா" என்றும் சொன்னாள். முப்பது வருடம் பள்ளிக்கூட எழுத்தராக இருந்தவனிடம் இது கொஞ்சம் அதிகப்படியான கோரிக்கைதான்.

அத்தான் முதன்முதலில் எங்கள் டிராக்டரைத் தொட்டது மறுவீட்டு விருந்தன்று. இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அந்தச் சிவப்பு டிராக்டரை அப்பா பழசாகத்தான் வாங்கியிருந்தார். அக்கா கல்யாணத்தின்போதே அது கிழடு. உள்ளே இலை போட்டாகிவிட்டது, வெளியே அப்பா வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். புது மாப்பிள்ளை பட்டுச் சட்டையோடு எழுந்து போனார்.

"மாமா, மொதல்ல குழாயப் பாக்கணும். டீசல் வந்தாத்தானே மத்ததெல்லாம்? டாக்டரு மொதல்ல நாடியப் பிடிச்சுப் பாக்காரில்லா, அதுபோலத்தான்."

டேங்குக்கு அடியில் இருக்கும் குழாய் திறந்துதான் இருந்தது. அப்படியானால் டீசல் வரும் வழியில் காற்று புகுந்திருக்கிறது என்றார். ஃபில்டர் தலையிலிருந்த போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, கைப்பம்பை அடித்தார். முதலில் நுரை வந்தது, பிறகு குமிழி, பிறகு சுத்தமான டீசல். போல்ட்டை முறுக்கிவிட்டு, எடுங்கள் என்றார். வண்டி ஒரு உறுமலில் எடுத்துவிட்டது. மழைத்தண்ணீர் இறங்காமலிருக்கப் புகைக்குழலின்மேல் அப்பா கவிழ்த்து வைத்திருந்த தேங்காய்ச் சிரட்டை துப்பாக்கிக் குண்டுபோல் மேலே பறந்து, முற்றத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெண்கள் நடுவில் விழுந்தது. அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அம்மாதான், "மாப்பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கலாம்னு பாத்தா, அவரு கிரீஸே தேய்ச்சிட்டாரே!" என்றாள். பட்டுச் சட்டையில் அந்தக் கறை கடைசிவரை போகவில்லை.

அதற்குப் பிறகு வருடக்கணக்காக அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார் என்றாலும், நானும் அவரும் பேசிக்கொண்டது சொற்பம். எங்கள் இருவருக்கும் சேர்த்து அக்கா பேசிவிடுவாள். அப்பாவும் அம்மாவும் காலமானார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை; ஏன் என்று கேட்பவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். நான்கு வருடத்துக்கு முன்பு அக்காவும் போய்விட்டாள்.

துக்க வீட்டு ஜெபங்கள் முடிந்ததும் அத்தான் வருவது நின்றது. அதில் கோபமோ வருத்தமோ இல்லை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வருபவரிடம் "என்ன விசேஷம்?" என்று கேட்பது ஒரு உபசாரம். யாரும் பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. ஆனால் அத்தானுக்கு அந்தக் கேள்விக்கு ஒரு பதில் வேண்டும். காரியமில்லாமல் ஒரு வீட்டுப் படியேறுவது மரியாதையில்லை என்று நினைப்பவர். அக்கா இருந்தவரை அக்காதான் பதில். அவள் போனபின், மச்சினன் வீட்டுக்கு அவர் எதைச் சொல்லிக்கொண்டு வருவார்? நானும் லேசுப்பட்டவனல்ல. எத்தனையோ முறை அவர் எண்ணை எடுத்திருக்கிறேன். "சும்மாதான் அத்தான் விளிச்சேன்" என்று சொல்ல நாக்கு எழாமல் போனை வைத்திருக்கிறேன்.

வயலைப் பாட்டக் குத்தகைக்குக் கொடுத்தாகிவிட்டது. டிராக்டரால் யாருக்கும் ஒரு பயனுமில்லை. ஆனாலும் சனிக்கிழமைதோறும் அதை எடுத்துக் கொஞ்ச நேரம் ஓடவிடுவேன். அந்தச் சத்தம் இருக்கும்வரை வீட்டில் ஆளிருப்பதுபோல இருக்கும். அக்கா போன ஐந்தாம் மாதம் ஒருநாள் அது எடுத்த இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது. பிறகு எடுக்கவேயில்லை. அத்தானை அழைத்தேன். இரண்டு பஸ் மாறி, பதினோரு மணிக்கெல்லாம் ஸ்பேனர்கள் போட்ட தோல்பையோடு வந்து நின்றார்.

பத்து நிமிடத்தில் வண்டியின் கேடு என்னவென்று கண்டுபிடித்துவிட்டார். டேங்கு மூடியில் காற்றுப் போக ஒரு பொடி ஓட்டை உண்டு. குளவி அதில் மண்ணை வைத்துக் கூடு கட்டியிருந்தது. ஒரு ஈர்க்குச்சியால் வேலை முடிந்தது. வந்தவரைச் சாப்பிடாமல் விடமுடியுமா? மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன்குழம்பும் இருந்தன. சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் சற்றுக் கண்ணயர்ந்தார். ஒருவர் மூச்சுவிடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் பேப்பர் படித்தேன். போகும்போது, "இனி கேடு வந்தா விளிக்கணும், கேட்டியா எட்வினே. நீயா ஒண்ணையும் கழட்டிராத" என்றார்.

அடுத்த சனிக்கிழமை வண்டி முதல் சாவியிலேயே எடுத்தது. அதற்கடுத்த சனிக்கிழமையும் எடுத்தது. நன்றாக ஓடும் ஒரு வண்டியின்மேல் எனக்கு அப்படியொரு எரிச்சல் வந்ததில்லை. மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை மாலையே கொட்டகைக்குப் போனேன். எஞ்சினை ஓடவிட்டு, குழாயை அடைத்தேன். உள்ளே கிடந்த டீசல் தீர்ந்து அது விக்கி விக்கி நின்றது. மறுநாள் காலை கூசாமல் அத்தானை அழைத்தேன். "ஆங், வாறேன்" என்றார். அன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எங்கள் வண்டிக்குக் கேடு வரும்.

முதலில் பேட்டரி முனைகளைக் கழற்றித் துடைப்பார். வயர் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்ப்பார். பிறகு ஸ்டார்ட்டர். பிறகு ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, வெயிலில் வைப்பார். இடையில் சாயா, சாப்பாடு, உறக்கம். மூன்றரை மணிக்கு எழுந்து முகம் கழுவிவிட்டு, டேங்குக்கு அடியில் குனிந்து, "அட சவமே, குழாயில்லா அடைஞ்சு கெடக்கு!" என்பார். நானும் ஆச்சரியப்படுவேன். காற்றை எடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பியதும் சிரட்டை பறக்கும். இருவரும் அண்ணாந்து பார்ப்போம். அது எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அவர் கை கழுவுவார். ஐந்து மணி பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

குழாயை முதலில் பார்க்கவேண்டும் என்று என் அப்பாவுக்கே பாடம் சொன்னவர் அதைக் கடைசியில் பார்க்கிறாரே என்று எனக்குத் தோன்றாமலில்லை. வயதாகிவிட்டது, முறை மறந்துவிட்டார் என்று நினைத்து அவருக்காக இரக்கப்பட்டேன். என் சாமர்த்தியத்தை உள்ளூர மெச்சிக்கொண்டேன்.

ஒருமுறை தோட்ட விடுதி கட்டுகிற ஒருவர், வாசலில் அலங்காரமாக நிறுத்த டிராக்டரை விலைக்குக் கேட்டு வந்தார். நான் வாய்திறக்குமுன் அத்தான் முந்திக்கொண்டார்: "எஞ்சின் பூரா போச்சு சாரே." வந்தவர், ஓடவேண்டாம், பார்வைக்கு இருந்தால் போதும் என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத அத்தான் திணறிப்போனார். "அது சரியாவாது சாரே. ஓடாம நின்னா எலி அடையும். எலியப் பிடிக்கப் பாம்பு வரும். பெறவு உங்க விடுதிக்கு யாரு வருவா?" என்றார். வந்தவர் போனபின் நாங்கள் இருவரும் வேறு வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்னொரு நாள் ஃபில்டரைக் கையில் வைத்துக்கொண்டு, "கிரேஸ் போன பெறவு வீட்டுல கடிகாரம் சத்தமா ஓடுகு" என்றார். ஜெயா வேலைக்குப் போய்விட்டால் அவரும் பகல் முழுவதும் தனிதான். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கும் அப்படித்தான் அத்தான் என்றாவது சொல்லியிருக்கலாம். பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் ஜெயா அந்தத் தோல்பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "வெள்ளிக்கிழமை சாயங்காலமே எடுத்து வச்சிட்டாரு மாமா. மாமா இன்னும் விளிக்கல்லியே, அதுக்குள்ள என்ன அவசரம்னு கேட்டேன். 'விளிப்பான். இப்பம் குழாய அடைச்சிட்டு நிப்பான்'னு சிரிச்சாரு."

நான் கேட்டேன்: "அப்பாவுக்குத் தெரியுமா மக்கா?"

"மொத நாளே தெரியும். பெறவு எதுக்கு நாள் பூரா கழட்டிப் பூட்டணும்னு நான் சண்டை போட்டேன். 'குழாய மொதல்லயே திறந்தா, பத்து நிமிசத்துல பஸ் ஏறணும்லா'ன்னாரு."

துக்க வீட்டில் அதுவரை அழாமலிருந்தவன் அப்போது அழுதேன். யாரை ஏமாற்றிவிட்டேன் என்று நான் நினைத்தேனோ, அவர் மூன்றரை வருடமாக என்னோடு சேர்ந்து நடித்திருக்கிறார்.

நேற்று மறுபடியும் சனிக்கிழமை. அவருக்காக நான் அடைத்த குழாய் அப்படியே கிடந்தது. அவருடைய பையைத் திறந்து பேட்டரியிலிருந்து ஆரம்பித்தேன். வயர், ஸ்டார்ட்டர், ஃபில்டர் என்று அவருடைய முறை மாறாமல் செய்தேன். நடுவில் சாப்பிட்டேன். சாய்வு நாற்காலியில் மட்டும் உட்காரவில்லை. மூன்றரை மணிக்குக் குழாயைத் திறந்து, போல்ட்டைத் தளர்த்தி, சுத்தமான டீசல் வரும்வரை பம்பை அடித்தேன். வண்டி எடுத்துவிட்டது. சிரட்டை பறந்தது. அண்ணாந்து பார்க்க நான் ஒருவன்தான் இருந்தேன். அது வாசல்வரை உருண்டுபோய்ப் படியருகில் நின்றது.

அந்தப் படியைப் பார்த்துக்கொண்டு, "வண்டிக்கு ஒரு கேடும் இல்ல அத்தான். சும்மா வந்துட்டுப் போங்க" என்றேன். எஞ்சின் சத்தத்தில் அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. நான்கு வருடத்துக்கு முன்பு, எஞ்சின் ஓடாதபோது சொல்லியிருக்கவேண்டிய வார்த்தை.

போய்வாருங்கள், அத்தான். அங்கே அக்கா "என்ன விசேஷம்?" என்று கேட்டால், நீங்கள் ஒரு காரணமும் சொல்லவேண்டியதில்லை.