குளிருக்கு மெழுகுதிரி கொளுத்தியவர்

காலை ஐந்தரை. கிளமென்ற் அண்ணை குசினி யன்னலைத் திறந்து, விரலை நாக்கில் நனைத்து, கையை முழங்கை வரை வெளியே நீட்டுகிறார். விரல் விறைத்தால் ஒரு துள்ளல், மனைவிக்கு ஒரு கூவல்: “மைனஸ்! பெர்னடெற், மைனஸ்!” எங்கள் வீடு அவருக்கு நேர் மேலே. இந்தப் பெப்ரவரி முழுக்க எனக்கு அலாரமே தேவைப்படவில்லை.

சுவிசில், பூம்ப்ளிஸில் நாங்கள் இருக்கும் கூட்டுறவுக் குடியிருப்புக்கு அவர்தான் ஹவுஸ்வார்ட். படி கழுவுவது, பல்ப் மாற்றுவது, பனி தள்ளுவது, முற்றத்து மேப்பிள் மரம் கொட்டும் இலையைக் கூட்டுவது எல்லாம் அவர் பாடு. மன்னார்க்காரர், வயது ஐம்பத்தெட்டு, கம்பளித் தொப்பியைக் கோடையில்கூடக் கழற்றமாட்டார்.

தை மாதம் கைபேசியில் ஏதோ காணொளி பார்த்திருக்கிறார். இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்களில் மேப்பிளில் துளை போட்டால் இனிப்புச் சாறு வடியுமாம், காய்ச்சினால் தேன் மாதிரிப் பாணியாம். படியில் என்னை மறித்துக்கொண்டார்.

“பத்தொன்பது வருசம் இதின்ர குப்பையைக் கூட்டியிருக்கிறன். உள்ளுக்குள்ள சீனியை வச்சுக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லேல்லப் பாருங்கோ, கள்ளன்!”

ஒழுங்கான மனிதர், நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு எழுதினார். பதில் வந்தது: தாராளமாகத் துளை போடலாம், எப்படியும் அந்த மரத்தை வெட்டிவிட்டுச் சைக்கிள் கொட்டகை போடுகிற யோசனை இருக்கிறது, மாதக் கடைசிச் சனிக்கிழமை கூட்டத்தில் குடியிருப்பாளர் வாக்களிப்பார்கள். அண்ணை கடிதத்தை மூன்று தரம் வாசித்தார். அவர் சம்பளத்துக்கு வேலை செய்பவர், கூட்டத்தில் அவருக்கு வாக்கு இல்லை.

“வோட் எனக்கு இல்லைதான். வோட் இருக்கிற ஆக்களுக்கு நாக்கும் இருக்குத்தானே? ஒரு கரண்டி குடுக்கிறன், பிறகு பாப்பம் ஆர் வெட்டுவினமெண்டு.”

மரத்தில் மூன்று குழாய், மூன்று தயிர் வாளி. சாறு பச்சைத் தண்ணீர் மாதிரிச் சொட்டியது. இரண்டு கிழமையில் ஐம்பது லீற்றர். பல்கனியில் மின்னடுப்பை வைத்து, கல்யாணத்துக்குப் புரியாணி போடும் கிடாரத்தில் காய்ச்சினார். முதல் கரண்டியை வாயில் வைத்த பெர்னடெற் அக்கா அப்படியே துப்பினார்.

“இஞ்சாருங்கோ, என்னத்தைப் போட்டனீங்கள்? வெள்ளையடிச்ச சுவரை நக்கின மாதிரிக் கிடக்கு!”

மனிதர் வாளிகளுக்குள் சுண்ணாம்பு பூசியிருக்கிறார்! தமிழ்க் கடையில் வாங்கிய வெற்றிலைச் சுண்ணாம்பு. மன்னாரில் பனையில் கட்டும் முட்டிக்குப் பூசுவார்கள், இல்லாவிட்டால் கருப்பணி, அதுதான் பதநீர், புளித்துக் கள்ளாகிவிடும்.

“ஐயோ கடவுளே, தண்ணியே கட்டியாகிற குளிருக்குள்ள எப்பிடியப்பா புளிக்கும்?” என்றார் அக்கா.

அண்ணை தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிட்டார். கூட்டத்துக்கு ஆறே நாள். அதோடு பார்த்து வானமும் வெளித்தது. ஒன்பது பாகை, குருவிச் சத்தம், ஊரே கோப்பிக் கடை வாசலில் வெயில் காய்கிறது. குளிராமல் சாறு வராது. முப்பது வருசமாக இந்த நாட்டுக் குளிரைத் திட்டின அதே வாயால் அண்ணை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திக் குளிர் கேட்டார். சுவிசிலேயே அப்படிக் கேட்ட ஒரே தமிழன் இவராகத்தான் இருப்பார்.

புதன் காலை என் அலாரம் அடித்தது. “மைனஸ் நாலு!” வியாழனும் அடித்தது, வெள்ளியும் அடித்தது. கழுவித் தேய்த்த வாளிகளில் இருபத்தைந்து லீற்றர் சேர, அக்காவே கிடாரத்துக்குக் காவல் நின்றார். கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு ஜாம் போத்தல். மண்ணிறம். வாசத்துக்கே எனக்கு வாய் ஊறியது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

சனி நாலு மணி, உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் பக்கத்து மண்டபம். அண்ணை தொப்பியும் தானுமாக ஆளுக்கொரு தேக்கரண்டி கொடுத்துக்கொண்டு வந்தார். ஒரு சொட்டுச் சிந்தினாலும் விரலால் வழித்துத் தன் வாயில் வைத்தார். பிறகு வாக்கெடுப்பு. வெட்டலாம், பத்துக் கை. வேண்டாம், என்னோடு பத்துக் கை. முதல் மாடிச் சுவிஸ்காரச் சிபிண்டன் அம்மா மட்டும் இரண்டுக்கும் கை தூக்கவில்லை. இலை விழுந்து பல்கனித் தண்ணீர்க் குழாய் அடைக்கிறதென்று வெட்டும் பேச்சைத் தொடங்கினவரே அவர்தான். கரண்டியைப் பின்பக்கமும் நக்கிக்கொண்டிருந்தார்.

“என் பல்கனி இலையை யார் கூட்டுவது?” என்று ஜெர்மன் மொழியில் கேட்டார்.

“நான்தான்! இண்டைக்கே கூட்டுறன்!” அண்ணை பதற்றத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டார். அம்மாவுக்கு விளங்கிவிட்டது போலிருக்கிறது.

“வருடம் ஒரு போத்தல் எனக்கு” என்றார். “வேண்டாம்” பக்கத்துக்கு அவர் கை உயர்ந்தது, கரண்டியோடு.

மண்டபம் கைதட்டியது. பெர்னடெற் அக்கா அழுதே விட்டார், நானும்தான். அண்ணையைத் தேடினேன். மண்டப யன்னலைத் திறந்து, விரலை நாக்கில் நனைத்து, கையை முழங்கை வரை வெளியே நீட்டிக்கொண்டு நின்றார்.