கரைசல் வராத இயந்திரம்

கத்தரிக்கோலைப் பிடிக்க முடியவில்லை. அதுதான் தொடக்கம். 2006, மழைக்காலத்துக்கு முன்பு. மரக்காணத்தில் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். துணியை வெட்டும்போது கட்டைவிரல் மடங்க மறுத்தது. மாலைக்குள் முழங்கால், கணுக்கால் எல்லாம் பிடித்துக்கொண்டு உடம்பு கொதித்தது.

சிக்குன்குனியா (கொசுவால் பரவி மூட்டுகளை முடக்கும் வைரஸ் காய்ச்சல்) என்ற பெயரையே அந்த வருஷம்தான் கற்றுக்கொண்டோம். சுனாமிக்குப் பிறகு எங்கள் தெருக் கிணறு உப்புக் கரித்தது. லாரித் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்தோம். கொசு அதில்தான் வளர்ந்தது. உப்பளத்தில் இறங்க ஆளில்லை; தெருத்தெருவாக ஜனங்கள் படுத்துக் கிடந்தார்கள்.

என் கணவர் இருதயராஜ் உப்பு லாரி ஓட்டுபவர். எனக்குத் தலைவாரி, கஞ்சி ஊட்டி, கழிப்பறைக்குத் தூக்கிப் போனவர் அவர்தான். நான் எழுந்து நிற்கத் தொடங்கியபோது அவருக்குக் காய்ச்சல் வந்தது.

"உன்னுது எனக்கும் ஒட்டிக்கிச்சு லூர்து" என்று சிரித்தார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவருக்கு மூட்டு பிடிக்கவில்லை. காய்ச்சல் தணிந்த காலையில், பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. கால்களில் சிவப்புப் புள்ளிகள்.

அரசு மருத்துவமனைத் தாழ்வாரம் முழுக்கப் பாய் விரித்திருந்தார்கள். டாக்டரம்மா அந்தப் புள்ளிகளை அழுத்திப் பார்த்தார்.

"டெங்குவா இருக்கலாம்மா. தட்டணு (ரத்தம் உறைய உதவும் நுண்ணணு) எவ்ளோ இருக்குதுன்னு பாக்கணும்."

"இங்கயே பாக்கலாங்களா?"

அவர் உள்ளறையைக் காட்டினார். மேசைமேல் ரத்த அணுக்களை எண்ணும் புத்தம்புது இயந்திரம். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"காய்ச்சல் பரவுதுன்னு அவசரமா வாங்கி அனுப்பிட்டாங்க. அதுக்கு ஊத்துற கரைசல் வேற டெண்டராம், இன்னும் முடியல. டெய்லி போன் பண்றேன். மெஷின்தான் வந்துடுச்சேங்குறாங்க."

"அப்போ பாண்டிக்கே கூட்டிட்டுப் போயிடட்டுங்களா?"

"அங்க பெட் இல்லம்மா. ரிப்போர்ட் இல்லாம போனவங்கள நேத்து திருப்பி அனுப்பிட்டாங்க. ரத்தத்த மட்டும் அனுப்புங்க. கவுன்ட் தெரிஞ்சதும் நானே ஆம்புலன்ஸ்ல ஏத்தி விடுறேன்."

என் கொழுந்தனார் சேவியர் ரத்தக் குப்பியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார். நாங்கள் பாயில் உட்கார்ந்து காத்திருந்தோம். "டிரம்ம மூடி வெச்சியா?" என்று இவர் கேட்டார். பிறகு வயிறு வலிக்கிறது என்றார். மதியம் ரத்தமாக வாந்தி எடுத்தார்.

டாக்டரம்மா அதற்குமேல் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. ஆம்புலன்ஸில் என் கணவரின் கையை இறுக்கிப் பிடிக்க என் விரல்கள் மடங்கவில்லை. அவர்தான் என் கையைப் பிடித்திருந்தார். கூனிமேடு தாண்டியதும் அந்தப் பிடி தளர்ந்தது.

பாண்டி மருத்துவமனை வாசலில் சேவியர் ஓடி வந்தார். "அண்ணி, ரிப்போர்ட் வந்துடுச்சு. கவுன்ட் ரொம்பக் கம்மியாம், உடனே சேத்துக்குவாங்க." பிறகுதான் வண்டிக்குள் பார்த்தார்.

சில மாதம் கழித்து மூட்டு வலிக்கு மாத்திரை வாங்க எங்கள் ஊர் மருத்துவமனைக்குப் போனேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தாய் தன் குழந்தைக்குச் சட்டையை மாட்டி முடிப்பதற்குள் முடிவு வந்துவிட்டது. டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "கரைசல் இப்பதாம்மா வந்துச்சு" என்றார். அவர் தோளைத் தொட்டுவிட்டு வந்தேன்.

யார்மேல் கோபப்படுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. யாரும் திருடவில்லை. இயந்திரத்தை வாங்கியவர்கள் வாங்கினார்கள், கரைசலை வாங்க வேண்டியவர்கள் விதிப்படி வாங்கினார்கள். நடுவில் இருந்த நாட்களில் நாங்கள் இருந்தோம்.

உங்கள் வீட்டில் காய்ச்சல் என்றால் ஒன்று சொல்கிறேன். காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிவிடாதீர்கள். டெங்குவில் ஆபத்து அப்போதுதான் தொடங்கும். மருத்துவமனையில் இயந்திரம் இருக்கிறது என்றால், அது ஓடுகிறதா என்றும் கேளுங்கள்.

எனக்கு விரல்கள் இப்போது மடங்குகின்றன, காலையில் மட்டும் மறுக்கின்றன. விடியும்போது கிழவியாக எழுகிறேன். வெயில் ஏற ஏற ஒவ்வொரு மூட்டாக விட்டுக்கொடுக்கிறது. மதியத்துக்குள் என் வயதுக்குத் திரும்பிவிடுகிறேன். வலி இருக்கும்வரை வேறெதுவும் தோன்றுவதில்லை. அது விட்டதும்தான் வீட்டின் அமைதி காதில் விழுகிறது. இன்னும் கொஞ்ச நேரம் வலித்திருக்கலாம் என்று அப்போது நினைக்கிறேன்.